நகல் பூனைக்குச் சான்றிதழ்

"ஒரே ஒரு கையெழுத்து, மாமா. எதுக்கும் உதவாத ஒண்ணைப் பத்துப் பன்னிரண்டு வருஷமா ஆராய்ச்சி பண்றீங்க. ஒரு நாளாவது நாலு பேருக்கு உபயோகமா ஏதாவது செய்யுங்க" என்றான் விஞ்ஞானியிடம் அவர் மைத்துனன்.

சொல்லிக்கொண்டே சாப்பாட்டு மேஜைமேல் வைத்திருந்த கூடையைத் திறந்தான். கறுப்பும் செம்மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு பூனை தலையை நீட்டியது. போன வருடம் காணாமல் போன வீட்டுப் பூனை துணுக்கை அப்படியே உரித்து வைத்திருந்தது. அவனுடைய அக்காவுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

துணுக்கு காணாமல் போனபோது அவள் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. தெருவில் அவள் நோட்டீஸ் ஒட்டாத விளக்குக் கம்பம் கிடையாது. நல்ல வேளையாக, அதற்கு முந்தின வாரம்தான் தம்பி அதன் காதோரத்திலிருந்து துளித் தோல் எடுத்துப் போயிருந்தான். செல்லப் பிராணிகளை நகலெடுக்கும் கூடம் ஒன்றை அவன் ஆரம்பிக்கப் போகிறான். அந்தத் தோலிலிருந்து செய்த முதல் நகல் இது என்றான்.

அவள் கணவர் பல்கலைக்கழகத்தில் ஆர்.என்.ஏ. விஞ்ஞானி. ஆர்.என்.ஏ. என்றால் புரதம் செய்யச் சொல்லும் ஓலை என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். இவர் பிடித்துக்கொண்டதோ, புரதம் எதையுமே செய்யாத வகையை. அதனால் மைத்துனன் அவருக்கு 'சும்மா விஞ்ஞானி' என்று பெயர் வைத்திருந்தான். அது சும்மா இருப்பதில்லை, மற்ற ஜீன்களை வாயை மூடி உட்கார வைக்கிறது என்று அவரும் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார்.

"எங்க அக்கா உங்களை உக்கார வச்ச மாதிரியா?" என்பான் அவன்.

இப்போது அக்கா கைப்பேசியில் பழைய படங்களைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள். மூக்கில் பாதி கறுப்பு, பாதி செம்மஞ்சள். இடது முன்காலில் கறுப்புக் காலுறை. முதுகில் உடைந்த தட்டுப் போல ஒரு திட்டு. எல்லாம் அச்சு அசலாக இருந்தன. விஞ்ஞானி ஈரத் துணியால் அந்தத் திட்டை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். துணியில் துளி நிறம் ஒட்டவில்லை.

"அதே செல், அதே ஜீன். ஒரு முடிகூட மாறலை மாமா. எப்படி மாறும்?" என்றான் அவன்.

"நிறம் இப்படியே வரணும்னு நீ தனியா எதுவும் செய்யலையே?"

"சத்தியமா எதுவும் செய்யலை."

வெள்ளிக்கிழமை திறப்பு விழா. அதற்குள் பதினோரு பேர் பதிவு செய்துவிட்டார்களாம். செத்துப்போன நாயின் முடியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்த ஒரு தையல்காரரும் அதில் உண்டு. விஞ்ஞானியின் சான்றிதழ் வாசலில் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கினால் இன்னும் நூறு பேர் வருவார்கள் என்றான். தையல்காரரை நினைத்ததும் விஞ்ஞானிக்கு மனசு என்னவோ செய்தது.

அவர் தயங்குவதைப் பார்த்த மனைவி கோபித்துக்கொண்டாள். தன் தம்பி முன்னுக்கு வந்தால் இவருக்குப் பொறுக்காது என்றாள். கையெழுத்துப் போடாவிட்டால் இனி இந்த வீட்டில் பேச்சுவார்த்தையே கிடையாது என்றும் சொன்னாள். அவர் காகிதம் கேட்டு வாங்கி, பக்கம் முழுக்க எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

அவருடைய கோழிக்கிறுக்கல் மைத்துனனுக்குப் பிடிபடவில்லை. அக்காவிடம் நீட்டிச் சத்தமாகப் படிக்கச் சொன்னான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள்:

"இப்பூனையை நேரில் சோதித்தேன். சாயம் பூசப்படவில்லை. பெண் பூனையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உண்டு. இதற்கு ஒன்றில் கறுப்பு நிற ஜீன், மற்றதில் செம்மஞ்சள். கரு வளரும்போது, புரதம் எதையும் செய்யாத ஓர் ஆர்.என்.ஏ. இரண்டில் ஒன்றைப் போர்த்தி அடக்கிவிடுகிறது; அடங்காததன் நிறமே அங்கே திட்டாகத் தெரிகிறது."

மைத்துனன் பெருமையாகத் தலையாட்டினான். அவள் தொடர்ந்தாள்.

"எந்தச் செல்லில் எது அடங்கும் என்பது ஒவ்வொரு கருவிலும் புதிதாக, தற்செயலாக அமைவது. ஆகவே நகலில் மரபணுக்கள் ஒத்துப்போகும்; திட்டுகள் ஒருநாளும் ஒத்துப்போகா. இங்கே ஒரு முடிகூட மாறவில்லை. எனவே இது நகல் அன்று என்றும், சென்ற ஆண்டு என் மைத்துனன் தூக்கிக்கொண்டு போன எங்கள் துணுக்கேதான் என்றும் இதன்மூலம் சான்றளிக்கிறேன்."