ஏரிக்கு அடியில் ஒரு பந்தி

ஏற்காட்டு ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் பரிமளத்தை, கணவர் இறந்தபின் யாரும் விசேஷங்களுக்கு அழைப்பதில்லை. படுக்கை விரிக்கும்போது அவளாகவே ஒன்றை நினைத்துக்கொள்வாள்: ஏரிக்கு அடியில் ஓர் அரண்மனை, அங்கே கல்யாணம், முதல் பந்தியில் அவள். யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

திங்கட்கிழமை காலை, அறையைக் காலிசெய்த ஓர் அம்மாள் அவளருகே நின்றார்.

“ஏனுங்க, நேத்து பந்தியில பாதியிலயே எந்திரிச்சுட்டீங்க. பொண்ணு ஊட்ல நொம்ப வருத்தப்பட்டாங்க.”

“எந்தக் கல்யாணத்துலங்க?”

“ஏரிக்கடியில நடக்குதுங்களே, அதுதான்.”

பரிமளம் சற்று யோசித்தாள். “மேனேஜர் கூப்பிட்டுட்டாருங்க,” என்றாள்.

“இன்னைக்காவது இருந்து சாப்பிடுங்க.”

அவர் காரில் ஏறிப் போனார். பரிமளம் அந்த அறைக்குள் சென்று கதவைப் பூட்டிக்கொண்டாள்.

மதியம் மேனேஜர் மாற்றுச் சாவியால் திறந்தார். படுக்கை விரிக்கப்படவில்லை. பரிமளம் தரையில் சம்மணமிட்டிருந்தாள். எதிரே, சாப்பிட்டு மடித்த வாழை இலை.

“ஒரு நிமிஷமுங்க,” என்றாள். “தாம்பூலம் வாங்கிட்டு வந்தர்றேன்.”