ஆறுதலாய்க் கொண்டு வாங்கோ

"போன வருசம் முழுக்க எங்கடை எழுத்தாளரம்மாவின்ரை நாவல்களை எடுத்து வாசிச்சது ஆர் எண்டு இப்ப பாப்பம்" என்று சொல்லி, வாசிகசாலையின் பதிவுக் கொப்பியை விரித்தார் ஹரோல்ட் மாஸ்டர்.

வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்னச் சனசமூக நிலையம் அது. வருசாந்தக் கூட்டம். கதிரை காணாமல் பாதிப்பேர் வாங்கிலில் நெருங்கி இருந்தார்கள்.

நிலையத்தின் செயலாளரான மாஸ்டர் கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு வாசித்தார்.

"தை மாதம், மிரியம். மாசி, மிரியம். பங்குனியிலை ரெண்டு தரம். ரெண்டும் மிரியம்."

சபை சிரித்தது. "தான் எழுதினது தனக்கே மறந்து போச்சுதாக்கும்" என்றார் பின்வாங்கிலில் ஒருவர்.

எழுத்தாளர் மிரியத்துக்கு முகம் சுட்டது. அன்று காலையில் எவ்வளவு சந்தோசமாக இருந்தா. ஜெபம் முடித்து, கனடாவில் இருக்கிற பிள்ளைகளோடு கதைத்து, பூக்கண்டுகளுக்குத் தண்ணீர் விட்டு, பிறகு குசினி மேசையில் இருந்து ஒன்பதாவது நாவலின் கடைசி வரியை எழுதியிருந்தா. அதைக் கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்று ஆசையாக வந்தவ.

அவ எழுதுவதெல்லாம் காதல் கதைகள்தான். எவ்வளவு அழவைத்தாலும் கடைசிப் பக்கத்தில் கலியாணம் நடந்துவிடும்.

மாஸ்டரின் பிரேரணை இதுதான்: ஆருமே எடுக்காத புத்தகங்கள் சும்மா இடம் பிடிக்கின்றன. அந்த எட்டு நாவல்களையும் தட்டிலிருந்து அகற்றிவிட்டு, ஓ.எல். சோதினை எடுக்கிற பிள்ளைகளுக்குக் கணக்குப் புத்தகங்கள் வைக்க வேண்டும்.

அவர் இளைப்பாறிய கணக்கு வாத்தியார். ஒரு கலியாண வீட்டில் காதல் பாட்டுப் போட்டதற்கு, சாப்பிடாமலே எழும்பி வந்தவர்.

மிரியத்தின் கையில் இருந்த பிரதிகளெல்லாம் எப்போதோ வெளிநாட்டுச் சொந்தக்காரரின் சூட்கேசுகளில் பறந்துவிட்டன. ஊருக்குள் அந்தக் கதைகள் இருக்கிற ஒரே இடம் இந்தத் தட்டுத்தான்.

தலைவர் மயூரதன் இளம் பொடியன். அவனுக்கு மனம் கேட்கவில்லை.

"அன்ரி, நீங்கள் ஏன் உங்கடை புத்தகத்தையே எடுக்கிறியள்? ஒரு காரணம் சொன்னியள் எண்டால் சபை யோசிக்கும்."

மிரியம் சபையைப் பார்த்தா. இரண்டாம் வாங்கிலில் வினோஜா தலையைக் குனிந்து போனைத் தடவினாள். தபால்கந்தோர் பத்மாவதி திடீரென்று யன்னலுக்கு வெளியே எதையோ தேடினா. முன்வரிசையில் மாஸ்டரின் மனைவி இராசம்மா, முகம் துடைக்கிற லேஞ்சியை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தா.

"எழுத்துப்பிழை பாக்கத்தான் தம்பி" என்றா மிரியம். சொன்ன கையோடு மனதுக்குள் கர்த்தரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டா.

திரும்பவும் சிரிப்பு.

இனிக் கையை உயர்த்தச் சொல்ல வேண்டியதுதான் மிச்சம். மாஸ்டர் கொப்பியை இன்னொரு தரம் பார்த்தார். 'மல்லாகச் சந்தியில் மழை' என்ற நாவல் இன்னும் திரும்பி வரவில்லை. எட்டும் கைக்கு வரட்டும், பிறகு வாக்கெடுப்பம் என்றார்.

"நாளைக்கே கொண்டு வந்து தாறன் மாஸ்டர்."

"அவசரமில்லை. ஆறுதலாய்க் கொண்டு வாங்கோ."

புத்தகம் ஒரு நாள் பிந்தினாலே வீட்டுப் படலையடியில் வந்து நிற்கிற மனிசன் அவர். எதிர்த்துக் கதைத்தாலும் மாஸ்டருக்கு நல்ல மனம் என்று போகிற வழியெல்லாம் சனம் மெச்சியது.

பின்னேரம், மாஸ்டர் கடைப்பக்கம் போன நேரம் பார்த்து, அவரது வீட்டுப் பின்மதிலடியில் நின்று மெல்லக் கூப்பிட்டா மிரியம். இராசம்மா ஓடிவந்தா. கண் கலங்கியிருந்தது.

"குறை நினையாதையும் மிரியம். காதல் கதைக்கு நேரை என்ரை பேர் கொப்பியிலை விழுந்தால் இவர் என்ன சொல்லுவாரோ எண்ட பயத்திலைதானே உம்மடை பேரிலை எடுத்துத் தரச் சொன்னனான். கடைசியிலை நீரல்லோ பேச்சு வாங்கினீர்."

"வினோஜாவுக்குத் தேப்பனிலை பயம். பத்மாவதிக்கு மாமியிலை பயம். உங்களுக்கு மாஸ்டரிலை. என்ரை பேருக்கு ஒண்டும் தேய்ஞ்சு போகாது, விடுங்கோ அக்கா." மிரியம் சிரித்தா. "அந்தப் புத்தகத்தைத் தாங்கோ. நாளைக்குக் குடுக்கிறன் எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொல்லிப்போட்டன்."

"நாளைக்கு வேண்டாம்" என்றா இராசம்மா.

"ஏனக்கா, நீங்கள் இன்னும் முடிக்கேல்லையோ?"

"நான் போன கிழமையே முடிச்சிட்டன். குசினியிலை அரிசி வாளிக்குப் பின்னாலை ஒளிச்சு வைச்சிருக்கிறன். ஒரு பிளேன்ரீ ஊத்தக்கூடக் குசினிக்கு வராத மனிசன், இப்ப நாளுக்கு நாலு தரம் வாறார்."

மிரியம் விளங்காமல் பார்த்தா. இராசம்மா ஒழுங்கைப் பக்கம் ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்தா.

"புத்தகத்துக்குள்ளை நான் அடையாளத்துக்கு வைச்ச குருத்தோலை, ஒவ்வொரு நாளும் தள்ளித் தள்ளிப் போகுது மிரியம். பாவம், அவருக்கு இன்னும் பதினைஞ்சு பக்கம் கிடக்கு."