வீட்டோடு சண்டைக்கு

"அந்தத் தோசைக்கல்லை எடுத்துக்குங்க மாமா! நெஞ்சுல கட்டிக்கிட்டா குண்டு துளைக்காது" என்று மாமனாரிடம் சொன்னாள் ரெங்கநாயகி. அவள் தோளில் உலக்கை இருந்தது.

அவள் கணவன் மாத்ருபூதம் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். சண்டைக்கு வீட்டோடு வர வேண்டும் என்று உறையூர் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"அப்பாவுக்குப் படி ஏறினாலே மூச்சு வாங்கும். அவர் எதுக்கு?" என்று கெஞ்சினான்.

"பொன்மலைப் பட்டறையில சம்மட்டி அடிச்சவன்டா நான்! நீ கதவைப் பூட்டு" என்றார் அப்பா, தோசைக்கல்லைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டே.

ஐந்து வயது மகள் வள்ளி தலையில் ஈயச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். அது கண்ணை மறைத்தது. "அப்பா, எதிரி எந்தப் பக்கம்?"



டவுன் பஸ்ஸில் கண்டக்டர் அவர்களை ஏற இறங்கப் பார்த்தார். "சண்டைக்கா? குழந்தைக்கு அரை டிக்கெட் எடுத்துடுங்க."

காவிரி மணலில் இறங்கியதுமே ஸ்ரீரங்கம் கரையிலிருந்து துப்பாக்கிகள் வெடித்தன. அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ரெங்கநாயகியோ உலக்கையை ஓங்கி, "ஒளிஞ்சுக்கிட்டு என்னடா சுடறீங்க? வெளிய வாங்கடா!" என்று சத்தம் போட்டாள்.

'படுத்துக்கோ' என்று மாத்ருபூதம் கத்தப் பார்த்தான். குரல் எழும்பவில்லை. அதற்குள் வள்ளி, கண் தெரியாமல், குண்டு வரும் திசையிலேயே ஓடினாள். பின்னாலேயே பாய்ந்தான், கால்கள் முழங்கால்வரை மணலில் புதைந்தன. சட்டி மட்டும் தூரத்தில் ஆடி ஆடிப் போனது. பெரிதாக ஏதோ வெடித்தது.

"வள்ளீ!"

"டேய் மாத்ருபூதம், எந்திரிடா!"

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கண் விழித்தான். பொழுது விடிந்திருந்தது. வெடிச்சத்தம் மட்டும் நிற்கவில்லை. பதறிப்போய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினான்.

"வள்ளி எங்க?"

"எந்த வள்ளி? துப்பாக்கியை எடு. சீனாக்காரன் பாதி மலை ஏறிட்டான்!" என்றார் ஹவில்தார் சுடலைமுத்து.

பனி மூடிய அந்தப் பதுங்கு குழியில் பட்டாளத்துக்காரர்களைத் தவிர வேறு யாருமே இல்லை. "அப்பாடா, கனவுதான்!" என்று வாய்விட்டுச் சிரித்தபடி, மாத்ருபூதம் துப்பாக்கியில் தோட்டாக்களை நிரப்பினான்.