குளிர் ஏற ஏறப் பருத்தவர்

ஓர் ஏரியில் நாமக்கோழி என்னும் நீர்ப்பறவை ஒன்று இருந்தது. எதையும் எண்ணாமல் விடாது. ஐப்பசியில் பறவை பார்க்க ஒன்பது பேர் வந்தார்கள். கார்த்திகையில் ஆறு பேர், மார்கழியில் மூன்றே பேர். அவர்களில் தொப்பிக்காரர் ஒருவர் மட்டும் ஒரு ஞாயிறும் தவறவில்லை. வரவரப் பருத்துக்கொண்டும் போனார்.

"மற்றவர்களை அவர்தான் தின்கிறார்," என்றது நாமக்கோழி.

"குளிருக்குச் சட்டைமேல் சட்டை போட்டிருக்கிறார், அண்ணே. மற்றவர்கள் போர்வைக்குள் கிடப்பார்கள்," என்றது பக்கத்தில் நீந்திய முக்குளிப்பான் பறவை.

"எண்ணத் தெரியாதவன் பேசாதே. ஆள் தீர்ந்தால் அடுத்தது நாம்தான்."

தை பிறந்ததும் தொப்பிக்காரர் தனியாக வந்தார், இன்னும் பருமனாக. நாமக்கோழி அலறிய அலறலில் ஏரிப் பறவைகள் அத்தனையும் கோரைக்குள் புகுந்தன. வெறும் தண்ணீரை வெகுநேரம் பார்த்துவிட்டு, அவர் நோட்டில் ஒரு பூஜ்யம் போட்டுக்கொண்டு நடந்தார்.

"பார்த்தாயா," என்றது நாமக்கோழி, "இன்றைக்கு அவருக்குப் பட்டினி."