ஒட்டியிருந்த மணல்

பள்ளிமுனைக் கரையில் ஜீப் வந்து நின்றதும் என் நெஞ்சு திருவிழா மேளம்போல் அடித்தது.

மீனவர் சங்கத்தின் தலைவர் நான். எனக்கு முன் என் தகப்பனார். நிமிர்ந்து நின்றேன்.

பெண்கள் கருவாடு காயவைக்க ஒரு உதவி நிறுவனம் வலைத்தட்டுகள் அமைத்துத் தந்திருந்தது. அவை பயன்படுவதாக இன்று உறுதியானால் அடுத்தது குளிர் அறை. கரையே அதற்காகக் காத்துக்கிடந்தது.

நிறுவனம் சோதிக்க அனுப்பியவள் இறங்கினாள். வங்காலை ஊர்ப் பெண், டினோஜா. என்னைக் கண்டதும் ஒரு கணம் தலை குனிந்தாள்.

மாலை வேண்டாம் என்றாள். இளநீரும் வேண்டாம்.

தட்டு நிறையக் கீரி மீன் மினுங்கியது.

“எல்லாத் தட்டும் பாவனையில, மிஸ்!” என்றான் திட்டத்தை நடத்தும் டிலோஜன். நாங்கள் கைதட்டினோம்.

அவள் நுனிக்காலில் எம்பி ஒரு மீனை எடுத்துப் புரட்டினாள்.

அடியில் கடற்கரை மணல்.

கைதட்டல் நின்றது. ஆளுயரத் தட்டில் காய்ந்த மீனில் மணல் எப்படி ஒட்டும்? காலைவரை அது தரையில்தான் கிடந்திருக்கிறது.

“ஏனக்கா, தட்டில போடுறேல்லையோ?” என்று பெண்கள் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

கருவாடு போடும் அன்ரோனெற் வெடித்தாள். “ஏணி வைச்சோ மீன் காயப்போடுறது, பிள்ளை? ஆம்பிளையள் தங்கட உயரத்துக்கெல்லோ அளந்து அடிச்சிருக்கினம்!”

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“ஐயா, நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ,” என்று டிலோஜன் என் காதில் கெஞ்சினான். நான் அவன் கையை விலக்கினேன்.

டினோஜா என் முன்னால் வந்தாள். குரல் நடுங்கவில்லை.

“பாவனையில இல்லை எண்டுதான் எழுதுவன், ஐயா. தட்டைப் பதிச்சு, பொம்பிளையளுக்கு எட்டிற உயரத்தில அடியுங்கோ, திரும்ப வந்து பாக்கிறன். அதுக்குப் பிறகுதான் குளிர் அறை.”

ஊரார் முன்னிலையில் என்னிடம் எவரும் அப்படிப் பேசியதில்லை.

ஜீப் திரும்பியதும் வீட்டுக்கு விரைந்தேன். இந்த வயதில் ஓட்டமும் நடையுமாக.

மனைவி வாசற் படலையிலேயே நின்றாள். “என்ன, பாஸோ பெயிலோ?”

“பெயில்!” மூச்சு வாங்கியது. சிரிப்பையும் அடக்க முடியவில்லை.

“உங்களுக்கென்ன விசரோ?”

“உன்ர மோன் றோயைக் கூப்பிடு. கட்டினால் அந்த வங்காலைப் பிள்ளையைத்தான் எண்டு ஒரு வருசமா நிண்டவனெல்லே. அப்பா ஓம் எண்டிட்டார் எண்டு சொல்லு.”