நடுவழியில் நிற்காத லாரி

என்னை விட்டுப் போவதற்கு என் வீட்டுக்காரருக்கு ஒரு லாரி தேவைப்பட்டது. அந்த லாரியைப் பழுது பார்க்க நான் தேவைப்பட்டேன்.

நான் மெக்கானிக் மகள். அவருக்கு வண்டி ஓட்ட மட்டும்தான் தெரியும்.

இனிமேல் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன் என்று அவர் வீராப்பாகக் கிளம்புவது இது மூன்றாவது முறை. வேற்றூரில் ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறாளாம். இரண்டு மாதத்துக்கு முன்பு, என்ஜினில் தண்ணீரும் எண்ணெயும் கலந்துவிடாமல் அடைக்கிற ஹெட் கேஸ்கெட்டை நான் புதிதாக மாட்டிக்கொடுக்க, கிளம்பியவர் நாற்பது கிலோமீட்டர் போனார். எண்ணெயில் தண்ணீர் கலந்து, வெள்ளைப் புகை கக்கி, இன்னொரு லாரி கட்டி இழுத்துவர வீடு வந்து சேர்ந்தார்.

போன மாதம் மறுபடி புது கேஸ்கெட், மறுபடி வீராப்பு. ஐம்பது கிலோமீட்டர். முன்னேற்றம்தான்.

திரும்பி வந்த இரண்டு முறையும் காபி போட்டுக் கொடுத்தேன். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு சந்தோஷம். வெட்கம் கெட்ட சந்தோஷம்.

இன்று எதிர்வீட்டு அண்ணன் வந்து கேட்டில் சாய்ந்துகொண்டு இவருக்கு யோசனை சொன்னார். பம்பர் மேல் ஏறி நின்று என்ஜினுக்குள் பாதி உடம்பை விட்டிருந்த நான் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. இருவரும் ஒருமனதாகக் கேஸ்கெட் விற்ற கடைக்காரனைத் திட்டித் தீர்த்தார்கள்.

சமையலறைக் குழாய் மூன்று வருடமாகச் சொட்டுகிறது. ஒரு வாஷர் மாற்றச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. போன இரண்டு முறையும் நான் என்ஜினோடு மல்லுக்கட்டியபோது, துரை நிழலில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

இன்றைக்குக் காலை ஆறு மணிக்கே எழுந்துவிட்டார். நான் கேட்காமலே பழைய கேஸ்கெட் ஒட்டலைச் சுரண்ட ஆரம்பித்தார். முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அவ்வளவு சுத்தம். நடுநடுவே ஒரு பாட்டு வேறு. பதினொரு வருடத்தில் நாங்கள் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான்.

எனக்கு வயிறு எரிந்தது. அதைவிட அதிகமாக அலுப்பாக இருந்தது.

செயின் பிளாக் கப்பியில் தொங்கிய ஹெட்டை, என்ஜினின் அந்தக் கனத்த மேல்மூடியை, இறக்கி உட்கார வைத்தோம். போல்ட்டுகளை வரிசையாக எடுத்து நீட்டியபடியே கேட்டார்.

"இந்தத் தடவையாவது நடுவழியில நிக்காம போகுமா?"

பெண் கேட்டு வந்தபோதுகூட இந்தக் கெஞ்சல் குரலில் இல்லை.

"போகும்" என்றேன்.

ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில் டைட் செய்ய வேண்டும். முதலில் லேசாக. அடுத்து பாதி. மூன்றாவது சுற்றில்தான் முழு இறுக்கம் வரும், கேஸ்கெட் அமுங்கிப் பிடிக்கும். அப்பாவின் பட்டறையில் நான் கற்றுக்கொண்ட முதல் விஷயம் அது.

இரண்டு சுற்று முடித்தேன். தோள்பட்டை விண்விண் என்று வலித்தது. போன இரண்டு முறையும் இந்த இடத்தில்தான், வேலை முடிந்தது என்று சொல்லி ரெஞ்சைக் கீழே வைத்தேன். கடைக்காரன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

கையைத் துடைத்துக்கொண்டு, நடு போல்ட்டில் மறுபடி ரெஞ்சை மாட்டினேன்.