சீட்டின் கீழ்ப்பாதி

“முட்டி வலின்னு வந்தா, எதுக்குங்க தருமபுரிக்கு அனுப்பறீங்க?” என்று போன மாதம் குப்புராஜ் கேட்டபோது, “அங்க எலும்பு டாக்டர் ஒருதடவை பாக்கட்டும். இந்தச் சீட்டோட கீழ்ப்பாதியில அவர் பதில் எழுதுவார், எங்கிட்ட கொண்டுவந்து குடுங்க” என்றிருந்தார் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் காவியா.

இன்று நான்காவது பதிலோடு வந்து நின்றார் குப்புராஜ். படித்ததும் காவியாவின் முகம் சிவந்தது.

“இவ்வளவுதான் எழுதினாரா? என்ன திமிர் பாருங்க. உக்காருங்க, இன்னொரு சீட்டு தரேன்.”

“மறுபடியுமாங்க? ஏற்கெனவே நாலு நாள் தக்காளி பறிப்பு போச்சுங்க.”

“அவர் சரியா பதில் எழுதற வரைக்கும் நான் விடமாட்டேன்.”

காவியா எழுத ஆரம்பித்தார். குப்புராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அம்மா, என் வலி முதல் வாரமே போயிடுச்சுங்க. நேத்து பஸ்ல ஒரு காலேஜ் பொண்ணுகிட்ட சீட்டைக் குடுத்துப் படிக்கச் சொன்னேன்.”

பேனா நின்றது.

“எலும்பு டாக்டர் உங்க வூட்டுக்காரராமே. ‘அம்மா வீட்டுக்கு வந்து ஒரு மாசமாச்சு, எப்ப வந்து கூப்பிடுவீங்க’ன்னு மேல நீங்க எழுதியிருக்கீங்க. ‘கோவிச்சுக்கிட்டுப் போனவ தானா வரட்டும்’னு கீழ அவரு எழுதியிருக்காரு.”

காவியா தலை குனிந்துகொண்டார். நேற்றிலிருந்து மென்று முழுங்கியதைக் குப்புராஜ் ஒருவழியாகச் சொல்லியேவிட்டார்:

“இந்தத் தடவை நீங்களே போயிட்டு வாங்கம்மா. மத்தியான பஸ்ல ஜன்னலோரமா எடம் புடிச்சுத் தரேன்.”